மூன்று பவுண்டு என்றால் எவ்வளவு, அம்மாச்சி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில், தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கள் வீடு பொறையாறு பக்கம், தில்லையாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வள்ளியம்மையைப் பற்றி யார் நாலு வரி எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கட்டுரையில் பாதி இடத்தை ஒரு கதை எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் வெளியே தள்ளப்பட்ட விஷயங்கள் ரொம்பப் பெரியவை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கதை உங்களுக்குத் தெரியும். சிறையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, உங்களுக்கெல்லாம் நாடு என்று ஒன்று உண்டா, கொடி உண்டா என்று கேட்டாராம். உடனே வள்ளியம்மை காவி, வெள்ளை, பச்சை நிறமுள்ள தன் புடவையைக் கிழித்து, இதோ எங்கள் கொடி என்று காட்டினாராம். நானும் இதை வகுப்பில் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். ஆனால் காவியும் வெள்ளையும் பச்சையும் நடுவில் ராட்டையுமாக ஒரு கொடியைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டதே 1931-ல்தான். வள்ளியம்மை கண்மூடியது 1914 பிப்ரவரி 22. பதினேழு வருஷம் கழித்து வரப்போகிற கொடியை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் எப்படிக் காட்டியிருக்க முடியும்?

அவர் பேசியதாக நாம் நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய பேச்சு வேறு இருக்கிறது. சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தவரைக் காந்தி போய்ப் பார்த்தார், அப்போது நடந்ததைப் பின்னாளில் எழுதியும் வைத்தார். ஜெயிலுக்குப் போனதை நினைத்து வருத்தப்படவில்லையே என்று கேட்டிருக்கிறார். வருத்தமா, இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்கிறார் அந்தப் பெண். அதனால் உயிரே போய்விட்டால்? போனால் போகட்டும், பிறந்த நாட்டுக்காகச் சாக யார்தான் விரும்பமாட்டார்கள் என்கிறார். நல்ல உயரமான உடம்பு எலும்பாகத் தேய்ந்து, கம்பளியில் வைத்துத் தூக்கவேண்டிய நிலையில் இருந்த பதினாறு வயதுப் பெண் பேசியது இது. இதைவிடப் பெரிதாக ஒரு வசனத்தை நாம் அவர் வாயில் வைக்க வேண்டுமா?

கொடிக் கதை பொய் என்பதைவிட, அந்தக் கதை வந்து உட்கார்ந்த இடத்தில் எதற்காக அவர் சிறைக்குப் போனார் என்ற கேள்வியே காணாமல் போனதுதான் எனக்கு வருத்தம். போன வருஷம் என் மகள் வயிற்றுப் பேத்தி, எட்டாவது படிக்கிறாள், பேச்சுப் போட்டிக்கு வள்ளியம்மையை எடுத்துக்கொண்டாள். நான் கொடுத்த குறிப்பில் மூன்று பவுண்டு வரி என்று இருந்ததைப் பார்த்து, "மூணு பவுண்டுன்னா எவ்வளவு, அம்மாச்சி?" என்றாள். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டோம்.

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போனவருக்கு முதல் வருஷம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாவது வருஷம் 14 ஷில்லிங். அப்படியானால் மூன்று பவுண்டு என்பது முதல் வருஷக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். அது தலைக்கு, வருஷா வருஷம். ஒப்பந்தம் முடிந்த புருஷனுக்கு 3, பெண்டாட்டிக்கு 3, 16 வயது தாண்டிய பையனுக்கு 3, 13 வயது தாண்டிய பெண்ணுக்கு 3. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். குடும்பத் தலைவர் மாதம் 14 ஷில்லிங் வாங்கினாலும் வருஷம் முழுக்கச் சேர்ந்து 168 ஷில்லிங்தான். பேத்தி கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "சம்பளத்தை விட வரி ஜாஸ்தியா இருக்கே, எப்படிக் கட்டுவாங்க?" என்று கேட்டாள்.

கட்ட முடியாது. கட்ட முடியாமல் போகட்டும் என்றுதான் அந்த வரியே போட்டார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி 342 பேரோடு நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அப்படிப் போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்து ஜனங்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, விசாகப்பட்டினம் என்று பஞ்சம் அடித்த ஜில்லாக்காரர்கள் நிறைய. கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில் பாதை என்று ஐந்து வருஷம் கையெழுத்துப் போட்ட, இல்லை கைநாட்டு வைத்த வேலை. நடுவில் விட்டுப் போனால் கிரிமினல் குற்றம், ஜெயில். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனாலும் அப்படித்தான். ஐந்து வருஷம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கி, துண்டு நிலத்தில் காய்கறி போட்டு, கூடையில் சுமந்து விற்றுப் பிழைக்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரத் தோட்டக்காரருக்கு அவர்களுடைய உழைப்பு வேண்டும். அவர்கள் மனிதர்களாக அங்கே குடியிருப்பதுதான் வேண்டாம். 1895-ல் நேட்டால் அரசாங்கம் சட்டம் போட்டது. முதலில் அவர்கள் கேட்டது தலைக்கு 25 பவுண்டு, இந்தியாவில் இருந்த வைஸ்ராய் எல்ஜின் பிரபு பேரம் பேசுவது போல 3 பவுண்டுக்கு ஒப்புக்கொடுத்தார். இந்தியர்களைக் கேட்டு யாரும் ஒப்புக்கொடுக்கவில்லை. ஒன்று வரியைக் கட்டு, இல்லை மறுபடி ஐந்து வருஷத்துக்குக் கைநாட்டு வை, இல்லை கப்பல் ஏறிப் போ. இதுதான் அந்தச் சட்டம் சொன்னது. பிள்ளைகள் தலையிலும் அந்த வரி ஏறியது 1903-ல்.

அந்தக் காலத்து அவமானம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து வாயில் ரத்தம் வழிய இளம் வக்கீல் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார். வெள்ளைக்காரரைப் பார்க்கும்போது தலையில் துணி இருக்கக்கூடாது என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட பழக்கம், இங்கேயும் அப்படியே நின்றுவிட்டார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். எனக்கு இது படிக்கும்போதெல்லாம் நம் ஊர் ஞாபகம்தான் வரும். தோளில் இருக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்ற வழக்கம் இந்தத் தஞ்சை மண்ணில் எத்தனை காலம் இருந்தது! கப்பல் ஏறிப் போன ஏழைகளில் பலர் அந்த வழக்கத்திலிருந்து தப்பிக்கப் போனவர்கள், போன இடத்தில் அதே வழக்கம் வேறு நிறத்தில் காத்துக்கொண்டிருந்தது.

சரி, சத்தியாக்கிரகம் என்று நாம் படிப்பது 1906 செப்டம்பர் 11-ல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் எடுத்த உறுதிமொழியில் ஆரம்பிக்கிறது. ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் பகுதியில், இந்தியர்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளச் சொன்ன சட்டத்தை எதிர்த்து எடுத்தது. பதிவுச் சீட்டுகளைப் பெரிய கொப்பரையில் போட்டு எரித்தது 1908-ல். அதில் பெரும் சுமையைத் தூக்கியவர்கள் டிரான்ஸ்வால் தமிழர்கள். கூடையில் காய்கறி விற்றவர்களும் சின்னக் கடை வைத்தவர்களும் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார்கள். மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு எத்தனை முறை உள்ளே போனார் என்று எண்ணுவதே கடினம். சின்ன வயது நாகப்பன் சிறை முகாமின் குளிரில் நிமோனியா வந்து 1909 ஜூலையில் இறந்தார். நாடு கடத்தப்பட்டுக் கரையிறங்க விடாமல் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் இறந்தார். இவர்கள் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏழு வருஷமும் நேட்டால் தோட்டத்திலும் சுரங்கத்திலும் இருந்த ஒப்பந்தக் கூலிகள் இந்தப் போராட்டத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். வியாபாரிகள், படித்தவர்கள், சுயமாகப் பிழைத்தவர்கள் ஆகியோரின் உரிமைகள்தான் பேசப்பட்டன. மூன்று பவுண்டு வரி உள்ளே வந்தது காங்கிரஸ் தலைவர் கோகலே 1912-ல் தென்னாப்பிரிக்கா வந்து போனபிறகு. வரியை எடுத்துவிடுவதாக மந்திரிகள் தன்னிடம் ஒப்புக்கொண்டார்கள் என்று அவர் நம்பிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். அப்புறம் அந்த மந்திரிகளில் ஒருவரான ஜெனரல் ஸ்மட்ஸ் பாராளுமன்றத்தில் முடியாது என்றார். அதே சமயம் 1913 மார்ச்சில் கேப் உயர் நீதிமன்றத்தில் சர்ல் என்ற நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான கல்யாணம்தான் சட்டப்படி கல்யாணம் என்பது அதன் சாரம். ஒரே தீர்ப்பில் இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் அத்தனை பேரும் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் சொத்துரிமையை இழந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் பெண்களை வீதிக்குக் கொண்டுவந்தது.

இங்கேதான் நான் உங்கள் கட்டுரையில் எதிர்பார்த்து ஏமாந்த பகுதி வருகிறது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் குற்றம் என்ற சட்டத்தை மீற, டிரான்ஸ்வாலிலிருந்து பதினோரு பெண்கள் கிளம்பினார்கள். அநேகமாக எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் பால்குடிக்கும் குழந்தைகள். முதலில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்ற பக்கத்து மாகாணத்து எல்லையைத் தாண்டினார்கள், போலீஸ் பிடிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் கூடையில் பொருள் விற்றார்கள், அதற்கும் பிடிக்கவில்லை. கைதாவதற்காக ஊர் ஊராக அலைந்தவர்கள் கடைசியில் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் என்ற நிலக்கரி ஊருக்குப் போனார்கள். சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த லைன்களுக்குப் போய், அவர்களுடைய மொழியிலேயே, இந்த மூன்று பவுண்டு வரி உங்கள் கழுத்தில் கட்டிய கயிறு, இது போகிறவரை வேலைக்குப் போகாதீர்கள் என்று பேசினார்கள்.

1913 அக்டோபர் நடுவில் சுரங்கங்கள் நின்றன. ஒன்று நின்றதும் அடுத்தது நின்றது. அந்தப் பெண்களை 21-ஆம் தேதி பிடித்து மூன்று மாதக் கடுங்காவல் போட்டார்கள். அது நெருப்பில் எண்ணெய் விட்ட மாதிரி ஆயிற்று, இன்னும் அதிகம் பேர் வேலையை விட்டு வந்தார்கள். முதலாளிகள் லைன் வீடுகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள், சாமானை வெளியே வீசினார்கள், ஆட்களை விட்டு அடித்தார்கள். முதுகில் வார் அடித் தடத்தோடு ஒருவர் வந்து காட்டியதைக் காந்தி எழுதியிருக்கிறார். முதலாளியின் வீட்டில் இருந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்ய முடியாது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்திய துணியும் கம்பளியுமாக வெளியே வாருங்கள் என்று அவர் சொன்னார். வந்தார்கள். நூறு, இருநூறு, ஆயிரம் என்று. டி. எம். லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் நியூகாசிலில் சின்ன வீடு, கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். அவர் கதவைத் திறந்துவிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் அவர் வீடு சத்திரமாகிவிட்டது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் எத்தனை வேளை அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இவ்வளவு பேருக்கு எத்தனை நாள் சோறு போடுவது? ஜெயிலுக்குப் போனால் சாப்பாடு போடும் பொறுப்பு அரசாங்கத்துக்கு. அதனால் எல்லையைத் தாண்டிக் கைதாவது என்று முடிவு. நியூகாசிலிலிருந்து எல்லையோர சார்லஸ்டவுனுக்கு 36 மைல் நடந்தார்கள். அங்கிருந்து நவம்பர் 6-ஆம் தேதி காலை 2037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வாலுக்குள் நடந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. இவ்வளவுதான் படி. அந்த ரொட்டியும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு தினம் இருபது மைலுக்கு மேல் நடக்கிற திட்டம். யாராவது அடித்தால் திருப்பி அடிக்கக்கூடாது, வழியில் யார் தோட்டத்திலும் ஒரு பழம்கூடத் தொடக்கூடாது, போலீஸ் பிடித்தால் போய்விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, நேற்றுவரை சவுக்கடிக்குப் பயந்த இரண்டாயிரம் பேர் இதைக் கடைப்பிடித்தார்கள்.

வழியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரிலும் வெயிலிலும் அலைந்ததில் போனது. இன்னொன்று, தாய் ஓடையைத் தாண்டும்போது கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போய்விட்டது. அந்தத் தாய்மார்கள் திரும்பிப் போகவில்லை. செத்தவர்களை நினைத்து அழுதால் அவர்கள் வரப்போவதில்லை, உயிரோடு இருக்கிறவர்களுக்காகத்தான் நாம் நடக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். இதை முதல்முறை படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தத் தாயின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

நாலு நாளில் மூன்று முறை காந்தியைக் கைது செய்தார்கள். தலைவர் இல்லாமல் போனால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தார்கள். கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. நவம்பர் 10-ஆம் தேதி பால்ஃபர் என்ற இடத்தில் எல்லோரையும் ரயிலில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் அரசாங்கம் செய்ததுதான் கொடுமை. இத்தனை பேரை அடைக்க ஜெயில் போதாது, நிலக்கரி எடுக்கவும் ஆள் இல்லை. அதனால் சுரங்கக் காம்பவுண்டுகளையே சிறை என்று அறிவித்து, சுரங்க மேஸ்திரிகளையே சிறைக் காவலர்களாக நியமித்தார்கள். எந்த வேலையைச் செய்யமாட்டேன் என்று வெளியே வந்தார்களோ, அதே வேலை தண்டனையாகத் திரும்பி வந்தது. சவுக்கால் அடித்தார்கள். அப்போதும் பலர் குழிக்குள் இறங்க மறுத்தார்கள்.

இந்தச் செய்தி பரவியதும் தெற்கே கரும்புத் தோட்டங்களில் யாரும் கூப்பிடாமலே வேலை நின்றது. வெட்ட வேண்டிய கரும்பு வயலில் நின்றது. டர்பன் நகரில் குப்பை அள்ளுகிறவர்கள், ஹோட்டல் வேலைக்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள் எல்லோரும் நிறுத்தினார்கள். மொத்தம் ஏறக்குறைய 20,000 பேர் என்கிறார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப், எஸ்பெரான்சா போன்ற இடங்களில் குதிரைப் போலீஸ் சுட்டது, தொழிலாளிகள் செத்தார்கள். அங்கே சில இடங்களில் தொழிலாளிகள் கரும்புக் கழியை எடுத்துக்கொண்டு எதிர்த்து நின்றதும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுதான் காந்தி கோட்டையும் பேண்டையும் களைந்து, மொட்டை அடித்து, ஒப்பந்தக் கூலிகளைப் போலக் கைலி கட்டி, வெறுங்காலோடு டர்பன் கூட்டத்துக்கு வந்தார். காந்தியின் அரை ஆடை மதுரையில் வந்தது என்று நாம் பெருமையாகச் சொல்வோம், சரிதான். அதற்கு எட்டு வருஷம் முன்பே நம் கூலி ஜனங்களின் சாவு அவர் உடையை ஒரு முறை மாற்றிவிட்டிருந்தது.

இந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் வள்ளியம்மை வருகிறார். தாயார் வழியில் தில்லையாடிக்காரர். 1913 இறுதியில் கைதாகி மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. பெண் கைதிகளுக்குத் துணி வெளுக்கிற வேலை, வாயில் வைக்க முடியாத சாப்பாடு. தண்டனைக் காலம் முடிவதற்கு முன்னமே வெளியே விட்டார்கள். அதற்குள் காய்ச்சல் பற்றிக்கொண்டது. வெளியே வந்து சில நாளில் போய்விட்டார். இந்த வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் வள்ளியம்மை எங்கும் குறைந்துவிட மாட்டார். நடந்தவர்கள், குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், குழிக்குள் இறங்க மறுத்து அடி வாங்கியவர்கள் நடுவில் அவரை நிறுத்திப் பார்த்தால்தான் அந்தப் பெண் ஏன் மறுபடியும் போகத் தயார் என்றார் என்பது புரியும்.

அகிம்சை என்றால் அடித்தால் வாங்கிக்கொள்வது என்று பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கிறது. என் பேத்தியும் அப்படித்தான் நினைத்தாள். நியூகாசிலில் நடந்தது வேறு. நிலக்கரி இல்லாவிட்டால் ரயில் ஓடாது, கரும்பு வெட்டாவிட்டால் ஆலை ஓடாது. தங்கள் கை இல்லாமல் அந்த நாடே நகராது என்று கடைசிப் படியில் இருந்தவர்கள் கண்டுகொண்டு, அந்தக் கையை மடக்கி வைத்தார்கள். யாரையும் தொடாமல் ஒரு அரசாங்கத்தின் கழுத்தைப் பிடித்தார்கள். இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ஹார்டிஞ்ச் பிரபுவே அந்த நவம்பரில் சென்னையில் பேசும்போது சத்தியாக்கிரகிகளுக்கு ஆதரவாகப் பேசவேண்டிய நிலை வந்தது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுண்டு வரி ஒழிந்தது, நம் கல்யாணங்களைச் செல்லும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கிடைக்காததையும் எழுத வேண்டும். ஒப்பந்தக் கூலிக்குச் சம்பளம் கூடவில்லை, தோட்டத்து வேலை நேரம் குறையவில்லை. மாகாணம் விட்டு மாகாணம் போகவும் நிலம் வாங்கவும் இருந்த தடைகள் அப்படியே இருந்தன. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதே 1913-ல், ஜூன் மாதம், அந்த நாட்டின் சொந்த ஜனங்களான ஆப்பிரிக்கர்களுக்கு நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டும் ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். அதே வருஷம் புளூம்ஃபாண்டீன் நகரத்து ஆப்பிரிக்கப் பெண்கள் அனுமதிச் சீட்டு வைத்திருக்கமாட்டோம் என்று மறுத்துக் கூட்டமாக ஜெயிலுக்குப் போனார்கள். நம் பெண்கள் நியூகாசிலுக்குப் போனதற்குச் சில மாதம் முன்னால்! இரண்டு போராட்டமும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. காந்தி அந்த வருஷங்களில் ஆப்பிரிக்கர்களைப் பற்றிச் சில இடங்களில் இழிவாகவும் எழுதியிருக்கிறார், அதைப் படித்தபோது எனக்கு வலித்தது, ஆனாலும் மாணவர்களிடம் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பக்கமும் கைகோக்க அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த டாக்டர் மான்டி நாயக்கரும், இன்னொரு இந்தியத் தலைவரான டாக்டர் யூசுஃப் தாதூவும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் டாக்டர் ஸூமாவோடு 1947-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 1952-ல் அநியாயச் சட்டங்களை மீறும் இயக்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஜெயிலுக்குப் போனார்கள், எட்டாயிரம் பேருக்கு மேல்.

பேச்சுப் போட்டி என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. பேத்தி கொடிக் கதையை விட்டுவிட்டு வரிக் கணக்கையும் ரொட்டிக் கணக்கையும் பேசினாள். பரிசு கிடைக்கவில்லை. முக்கியமான கொடிச் சம்பவத்தையே விட்டுவிட்டாயே என்று நடுவர்களில் ஒருவர் அவளிடம் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அழுதாள். அந்த நடுவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான், உங்களைப் போன்ற பத்திரிகைகள்தான். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வருகிற பிப்ரவரி 22-க்கு மறுபடி கட்டுரை போடுவீர்கள். அப்போது தயவுசெய்து அந்த வரி எவ்வளவு, யார் தலையில் விழுந்தது, அதை எப்படி எடுக்க வைத்தார்கள் என்று போடுங்கள். தில்லையாடியில் இருக்கும் வள்ளியம்மை நினைவு மண்டபத்துக்கு வரும் பிள்ளைகள் படிக்கிற மாதிரி அந்தக் கணக்கை ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். காந்தியே 1915-ல் ஊர் திரும்பியதும் தில்லையாடிக்கு வந்து போனார். அந்த ஏழை ஜனங்களின் ஊரைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பதினோரு பெண்களின் பட்டியலை நானும் பேத்தியும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். பட்டியலில் திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை, திருமதி முருகேச பிள்ளை என்றே பெரும்பாலும் போகிறது. தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள் என்று தெரியும், எழுதிக்கொண்டோம். "மத்தவங்க பேரு என்ன, அம்மாச்சி?" என்று பேத்தி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையோடு சுரங்க லைன்களில் போய்ப் பேசி ஒரு நாட்டையே நிறுத்திய பெண்களில் பெரும்பாலோருக்குப் புருஷன் பெயர் மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பத்திரிகையை டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இணையத்தில் படிக்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் கொள்ளுப்பாட்டியை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நோட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
பொறையாறு, மயிலாடுதுறை மாவட்டம்.